இருபத்திரண்டு டிகிரி

மூன்று நாளாய் விடாத மழை.
இருபத்திரண்டு டிகிரி என்று வானொலி சொன்னதும்
தீவு முழுக்கப் பெட்டி திறந்து ஸ்வெட்டர் தேடுகிறது.
மின்தூக்கியில் எதிர்வீட்டுத் திருமதி குவெக்
கைக்குழந்தைக்குக் காதுவரை குல்லா மாட்டியிருக்கிறார்.
"வின்டர் லா" என்கிறார்,
நாங்கள் இருவரும் கடிதம் போட்டு வரவழைத்த
விருந்தாளியைப் பற்றிச் சொல்வதுபோல.

என் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது
நிஜக் குளிருக்கான கோட்டு.
நான்கு மீட்டர் கம்பளி. ஈரக்காற்றில்
நனைந்த நாயின் வாசம்.
காலருக்குள் குதிரைமயிர்த் துணி வைத்துத்
தைத்துத் தைத்தே
நடுவிரல் நுனி காய்த்துவிட்டது.
சாப்பாடு இரண்டு வாரமாய் சோபாவில்.

ரேணுகையின் நாடகத்தில் ஆண்டு 1931.
லிவர்பூல் கப்பலில் வந்து
தஞ்சோங் பகாரில் இறங்கும் எழுத்தர் சந்தனசாமி
கடைசிக் காட்சிவரை இதைக் கழற்றுவதில்லை.
மாமன் வீட்டு விருந்தில், சித்திரை வெயிலில்,
எல்லாரும் கெஞ்சியும்.
ஏன் என்று கேட்டேன். தைப்பவளுக்குத் தெரியவேண்டுமே.
"அவர் அப்படித்தான்" என்றாள்.
எழுதியவளுக்கே தெரியாததை
எந்தப் பையில் வைத்துத் தைப்பது?

மதியம் ஜாலான் புசாருக்குப் பேருந்து.
வெளியைவிட உள்ளே குளிர்.
முன்னிருக்கைக்காரரின் சட்டைக் காலரைக்
கண்ணாலேயே பிரித்துத் தைத்தபடி போனேன்.
பழம்பொருள் கடை இரண்டாம் மாடியில்,
படிக்கொரு வாளி, வாளிக்கோர் ஒழுகல்.
ரோஸ்லான் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தார்:
கடிகாரம் இல்லாத கடிகாரச் சங்கிலி,
ஒற்றைக் கஃப்லிங்க்,
தொப்பி ஊசி, அதன் முத்தில் பல்பட்ட தடம்,
யாருடைய பார்வைக்கோ செய்த மூக்குக்கண்ணாடி
(போட்டுப் பார்த்தேன், கடை மிதந்தது).
எல்லாவற்றுக்கும் அடியில்
விறைப்பாய், வெள்ளையாய்,
குழந்தைக்கு ஊட்டும்போது கட்டுவதுபோல் ஒன்று.

"சட்டை" என்றார்.
காலர் இருந்தது. மார்பு இருந்தது. மூன்று பட்டன்.
கை இல்லை. முதுகு இல்லை.
பின்னால் கட்ட இரண்டு நாடா.
உள்பக்கம் சலவைக்காரரின் மையில் 47.
"மீதி?"
"மீதி எதுக்கு? மேல கோட்டு இருக்கில்ல."

பதினைந்து வெள்ளி கேட்டார்.
பேரம் பேச வாய் வரவில்லை.
இறங்கும்போது படிகளில் யோசித்தேன்,
நாற்பத்தாறும் நாற்பத்தெட்டும்
முழுச்சட்டை போட்டிருப்பார்களா?

ஒத்திகை அறையில் ஏசி பதினெட்டில்.
துவாஸில் கிரேன் ஓட்டிவிட்டு நேராக வந்த சற்குணன்
வெற்றுடம்பில் அதைக் கட்டிக்கொண்டான்,
முதுகெல்லாம் புல்லரிப்பு.
மேலே கோட்டு. கண்ணாடியில்
கனவான் ஒருவர் நிமிர்ந்தார்.
"இப்ப கழற்று" என்றேன்.
இரண்டு கையும் தானாக மார்புக்குப் போய்க்
கோட்டைச் சேர்த்துப் பிடித்தன.
ரேணுகை பேனாவைத் திறந்தாள்.
மூடினாள்.
"அவர் அப்படித்தான்" என்றாள் மறுபடி, மெதுவாக.

பிறகு கிட்டவந்து, காலர்த் துளையைத் தொட்டு,
"இந்த நூலை மாத்திடேன், பத்தாவது வரிசைக்குத் தெரியும்."
வெள்ளைத் துணியில் மஞ்சள் நூல்.
வெள்ளை தீர்ந்துபோன ஏதோ ஓர் இரவில்
எவரோ அவசரமாய் இழுத்த நாலு தையல்.
முடிச்சு என்னுடையதைவிட மோசம்.

தலையாட்டினேன்.
வீட்டில் கத்தரிக்கோலை எடுத்து, வைத்து,
எடுத்து,
டையின் முடிச்சைக் கொஞ்சம் அகலமாய்த் தைத்தேன்.