வாளையார் எடைமேடை

கிரேட் டேன், மூன்று மாதம்.
பாதம் மட்டும் முன்கூட்டியே
பெரிய நாயுடையது.

"வயிறு முட்ட வேண்டா,
எலும்பு மெல்லே வளரட்டே" என்றார்
கஞ்சிக்கோட்டு டாக்டர்.
நாலு வேளை. தலைதட்டி இரண்டு டம்ளர்.
கால்சியம் பொடி கூடவே கூடாது.

லாரிக்காரர்கள் கேட்பதில்லை.
ஜன்னலிலிருந்து பரோட்டா விழுகிறது.
ஓடிப்போய் அவன் வாயிலிருந்து பிடுங்குகிறேன்.
பாவி என்கிறார்கள்
இரண்டு மொழியிலும்.

வண்டி வராத ராத்திரிகளில்
குட்டப்பனை மேடையில் நிறுத்துவேன்.
அறுபது டன் பார்த்த இரும்பு
இருபது கிலோவுக்குக் கீழே எதையும் மதிக்காது.
பூஜ்யம். பூஜ்யம்.
வாலை ஆட்டினாலும் பூஜ்யம்.

நேற்று மழை விட்டதும்
திரையில் இருபது.

கை நடுங்கச் சீட்டு அடித்தேன்.
வண்டி: குட்டப்பன்.
சரக்கு: காலி.

அதையேதான் அவனும்
தட்டை உருட்டி உருட்டிச்
சொல்லிக்கொண்டிருக்கிறான்.