எடைமேடை, இரவு முறை

காரைக்குடிப் புறவழியில்
அறுபது டன் மேடை.
ரசீது போடுவது நான்.

தைலமரக் கட்டை, பதினெட்டு டன் இருநூறு.
காகித ஆலைக்குப் போகிறது.
ஒருவேளை
இதே ரசீதுப் புத்தகமாய்த் திரும்பி வரும்.

பத்தரைக்கு ஒரு மினி லாரி:
சாக்கில் சுற்றிய தேக்குத் தூண்கள் பன்னிரண்டு,
கொச்சியில் ஏதோ ஓட்டலுக்காம்.
பர்மாவிலிருந்து வந்தபோது
யார் நிறுத்தார்களோ.
இப்போது எனக்கு நாற்பது ரூபாய்.

சமையல் காண்ட்ராக்டர் சாத்தப்பன்
அண்டாக்களை எடை போடவில்லை.
தண்ணீர் கேட்டார்,
சீப்புச்சீடை ஒரு பொட்டலம் தந்து போனார்.

இந்த இடம் முன்பு புல்.
முன்பு என்றால் போன ஆவணி.
செம்புராங்கல் மேல் ஒரு சாண் மண்,
மழைக்கு முளைத்து
மாசியில் கருகும் ஊசிப்புல்.
பத்திரத்தில் 'தரிசு'.

இரண்டு மணிக்கு வீரணன் வருகிறான்,
முன்னூறு செம்மறியோடு.
நாளை கிடை கல்லல் பக்கம்,
ராத்திரிக்கு ஆயிரமும் ஒரு மரக்கால் நெல்லும்.
"பழைய தடம் தாயி,
ஆட்டுக்கு வேற வழி தெரியாது."

மேடை மேலேயே நடக்கின்றன.
திரையில் சிவப்பு எண் எகிறுகிறது:
எண்ணூறு, ஆயிரத்து நூறு, எழுநூறு.
நிற்காத எண்ணுக்கு
இயந்திரம் ரசீது தராது.
அவன் நீட்டிய ஐம்பதை வாங்கவில்லை.

கடைசி ஆடு இறங்கிய பின்னும்
திரை பூஜ்யத்துக்கு வரவில்லை.
இருபது கிலோ.
டார்ச்சோடு போனேன்:
புழுக்கை, குளம்பில் வந்த செம்மண்.
பெருக்கித் தள்ளினேன்.
இன்னும் பத்து.

இரும்புத் தகட்டு இடுக்கில்
ஒரு கொத்து ஊசிப்புல்.
அதுவாக இருக்காது.
இருந்தாலும் பிடுங்கவில்லை.
காலை முறைக்காரர்
கழித்துக்கொள்ளட்டும்.