பேனர்

மண் கேட்டு எழுதியிருந்தோம்.
பதிலுக்கு வந்தது ஒரு கையேடு:
மண் இல்லாமலே வளர்க்கலாம்.

லிமாவின் தெற்கு ஓரம். எங்கள் குன்று
மணலும் சரளையும்.
பனிமூட்டம் ஆறு மாதம் தலையைத் தடவும்,
கையில் ஒரு சொட்டு வைக்காது.
தண்ணீர் லாரியில் ஏறி வரும்,
காசைப் பார்த்து
நீல டிரம்மில் இறங்கும்.

ஆறாம் வகுப்பு 'சி' பிரிவு சேர்த்தது
அறுபத்துமூன்று பாட்டில்,
மீன் வாடை போகாத தெர்மக்கோல் பெட்டி நான்கு.
ஆணியைக் காய்ச்சி ஓட்டை போட்டோம்.
நெய்சாவின் மாமா கழற்றித் தந்த
வாஷிங் மெஷின் மோட்டார்
ஒரு நாள் உறுமியது.
மறுநாளிலிருந்து குச்சியால் கலக்கினோம்,
இடைவேளைக்கு இருவர்.
வேருக்கும் மூச்சு வேண்டுமாம்.

பத்தாம் நாள் பச்சை தெரிந்தது.
கைதட்டினோம்.
கிட்டப் போனால் பாசி.
இலை துவண்டு, வேர் பழுப்பேறி,
பெட்டிக்குப் பெட்டி ஒரே நாற்றம்.
வேருக்கு வெளிச்சம் ஆகாது என்று
கையேட்டின் ஒன்பதாம் பக்கம் சொல்லியிருக்கும்.
எங்களுக்கு வந்த நகலில்
எட்டுக்குப் பின் பதினொன்று.

எடில்பெர்டோவின் செடி மட்டும் நிமிர்ந்து நின்றது.
பாட்டில் லேபிளை உரிக்கச் சோம்பல்பட்டு
அப்படியே விட்டிருந்தான்.
அன்றுதான் அவன் சோம்பலை
நோட்டில் எழுதி அடிக்கோடிட்டோம்.

இத்தனை வேருக்கும் இருட்டுக்கு எங்கே போக?

சாலை வளைவில்
தேர்தல் முடிந்து மூன்று மாதமாகியும்
சிரித்துக்கொண்டிருந்தார் ஒருவர்,
லாரி உயரப் பேனரில்.
வீட்டுக்கு வீடு குழாய் என்றது கொட்டை எழுத்து.
ஜெயித்தவரா தோற்றவரா,
யாருக்கும் நினைவில்லை.

கத்தரிக்கோல் இரண்டு. பிளேடு ஒன்று.
'குழா' ஒரு பாட்டிலுக்கு, 'ய்' இன்னொன்றுக்கு.
மார்லெனிக்கு மூக்கும் பாதி மீசையும்.
சிரிப்பை மூன்றாக வெட்டி
முகம் உள்ளே பார்க்கச் சுற்றினோம்.
வேர் பார்த்துக்கொள்ளட்டும்.

பிழைத்தது பத்தொன்பது செடி.
ஆளுக்கு இரண்டு இலை, உப்பு,
எலுமிச்சை யார் கொண்டுவந்தது என்பதில் சண்டை.
"தண்ணியை மெல்லுற மாதிரி இருக்கு"
என்றாள் நெய்சா.
புகழ்ச்சியா குறையா, கேட்கவில்லை.
இன்னொரு இலை கேட்டாள்.

அக்டோபரில் நகராட்சித் தேர்தல்.
வளைவில் புதிய கம்பி நடுகிறார்கள்.
எங்களுக்கு அடுத்தது தக்காளி.
தக்காளிக்கு வாளி வேண்டும்,
வாளிக்கு அகலத் துணி.
இம்முறை வருகிறவர்
கொஞ்சம் பெரிதாகவே சிரிக்கட்டும்.