அரை மதிப்பெண்

பாண்டியாக் ஜிடிஓ, அறுபத்தேழாம் வருடத்துப் பிறப்பு.
கரும்பச்சை. டோலிடோ மைதானத்தில்
வெயில் அதன்மேல் நிற்க முடியாமல்
வழுக்கிக்கொண்டிருந்தது.

டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்த்தேன்.
துரு இல்லை, சேறு இல்லை,
சைலன்சர் கவ்வியில்கூட ஒரு விரல்ரேகை இல்லை.
நடுவர் பிழைப்பில் மண் போடும் வண்டி.

எழுந்து, இடது கதவைச் சாத்தினேன்.
உள்ளே எங்கோ
ஒரு நட்டு உருண்டது.

"தெரியும்" என்றார் எல்டன் விஷ்னெவ்ஸ்கி,
துணியை நாலாக மடித்தபடி.
"இரண்டாம் ஷிஃப்ட். கன்வேயர் நிற்காது.
கை நழுவிவிட்டது.
குனிந்து தேடினால் அடுத்த கதவு வந்து
முட்டியில் இடிக்கும்."

வேலை போன பிறகு
மிச்சிகன், ஒஹாயோ, இண்டியானா என்று
பதினேழு வண்டிகளின் இடது கதவைச்
சாத்திச் சாத்திக்
காது கொடுத்திருக்கிறார்.
விற்பவர்கள் பெயின்ட்டைப் பற்றியே பேசினார்களாம்.

"அதே நட்டுதானா?"

"யார் கண்டது?
அங்கே எல்லோர் கையிலும் எண்ணெய்."

அரை மதிப்பெண் குறைத்தேன்.
இரண்டாம் பரிசு.
கோப்பையைப் பின்சீட்டில் கடாசிவிட்டு உட்கார்ந்தவர்
கதவைச் சாத்தினார்.
திறந்து
இன்னொரு முறையும்.