கொசுறுக்குக் கட்டம் இல்லை

ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு
மறுபடி கடை திறக்க உட்கார்ந்தேன்.
வெளியே புன்தா அரேனாஸின் காற்று
தெருவிளக்கைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

இந்தக் கடைக்குச் சாவி இல்லை. கடவுச்சொல்.
எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது.
எங்கள் பழைய படகின் பெயரைக் கொடுத்தேன்.
வலுவில்லை என்றது.
மூழ்கிப்போன படகுதான்,
ஆனால் இதற்கு யார் சொன்னது?

கடையின் பெயர்?
'தெற்குக் கயிறு' யாரோ எடுத்துவிட்டார்கள்.
'நல்ல கயிறு' எடுத்தாயிற்று.
'நெவென்காவின் கயிறு' என்று அடித்தேன்.
உலகத்தில் வேறு ஒருவருக்கும்
அது தேவைப்பட்டிருக்கவில்லை.

படம் வேண்டும், வெள்ளைப் பின்னணியில்.
படுக்கை விரிப்பை இரண்டு ஆணியில் மாட்டி
ஆரஞ்சுச் சுருளை அதன் முன்னால் வைத்தேன்.
பாம்பாகத்தான் தெரிந்தது.
விளக்கைக் கொஞ்சம் திருப்பினேன்,
கயிறானது.

எடை கேட்டது.
இருபத்தோரு வருஷம்
இரண்டு கையையும் விரித்து அளந்து விற்றவள் நான்.
பக்கத்துக் கடை எதெல்மிராவிடம்
மீன் தராசு வாங்கி வந்தேன்.
என் கயிறுகள் எல்லாம்
ஒருவாரம் நண்டு வாசம் அடித்தன.

எந்தெந்த ஊருக்கு அனுப்புவீர்கள்?
போர்வெனிர் என்றேன்.
ஜலசந்திக்கு அக்கரை, படகில் இரண்டு மணி நேரம்.
கூரியர்க் கணக்கு சொன்னது:
பதினொரு நாள், சான்டியாகோ வழியாக.
அண்டை நாடுகள்?
கை தவறி 'ஆம்' மேல் பட்டுவிட்டது.

பிறகு கொசுறைத் தேடினேன்.

கல்லாவில் காசு விழுந்த பிறகு
"யாப்பா எங்கே, நெவென்கா?" என்பார்கள் மீனவர்கள்.
ஒரு முழமோ ஒன்றரை முழமோ இழுத்து வெட்டுவேன்.
கேட்காதவனுக்கும்தான்.
இங்கே தள்ளுபடிக்குக் கட்டம் இருக்கிறது,
கூப்பனுக்கு இருக்கிறது, அதன் கடைசித் தேதிக்கும்.
அதெல்லாம் வாங்க வைப்பதற்கு.
கொசுறு வாங்கி முடித்தவனுக்கு.
'கொசுறு' என்றே ஒரு பொருளைச் சேர்த்து
விலை பூஜ்யம் போட்டேன்.
சிவப்பாகக் கோபித்துக்கொண்டது:
பூஜ்யத்தைவிடப் பெரிய எண்ணைத் தருக.

மூன்று வாரம்.
இன்றைய பார்வையாளர்: ஒருவர்.
அது நான்.

நாலாவது வாரம், விடிகாலை இரண்டே முக்கால்,
தலையணைக்குக் கீழே போன் துடித்தது.
போணி!
பன்னிரண்டு மில்லிமீட்டர், ஆரஞ்சு, முப்பது மீட்டர்.
ப்ரிமிதிவோ சோக்கே, ஓருரோ, பொலிவியா.

கடலே இல்லாத தேசம்.
மலை மேல் ஊர்.
நங்கூரக் கயிறு எதற்கு அங்கே?
கிணற்றுக்கா, லாரிக்கா, ஏதாவது மாட்டுக்கா?
நான் கேட்பதற்குக் கட்டம் இல்லை.
அவர் சொல்வதற்கு ஒன்று இருந்தது,
குறிப்பு என்று, அடியில், சின்னதாக.
அதில் எழுதியிருந்தார்:
"யாப்பா உண்டுதானே, செனியோரா?"

ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.
இருட்டில் ஆரஞ்சு மட்டும் தெரிந்தது.
முப்பது அளந்தேன்.
கையை இன்னொரு தரம் விரித்தேன்,
நெஞ்சு வலிக்குமட்டும் விரித்தேன்.
முப்பத்தொன்றரை.

தபாலாபீஸில் நாற்பது கிராம் கூடுதல் என்றார்கள்.
அடுத்த கட்டணத்துக்குத் தாவிவிட்டது.
லாபம் அந்த நாற்பது கிராமோடு போயிற்று,
ஒரு காபிக் காசும் சேர்ந்து.

இரவு இருப்பைச் சரிபார்த்தேன்.
திரையில் நூற்றெழுபது. உருளையில் ஒன்றரை குறைவு.
காரணம் சொல்லாமல் விடாதாம்:
சேதம்.
எண்ணிக்கைப் பிழை.
திருட்டு.

கயிறு சேதமில்லை.
எண்ணியது நான், பிழையுமில்லை.
திருட்டு என்று போட்டேன்.
யார் மேலாவது சந்தேகம் உண்டா என்று
நல்லவேளை
கேட்கவில்லை.