சிவப்புக் கோடு

பக்டரி பொயிலரோடு பதினேழு வருஷம்.
உள்ளிருந்து வெளியே தள்ளும் கோபம்
எனக்குப் பழக்கம்.
முதலில் முனகும், வால்வில் சீறும்,
ஓடு என்று ஆளுக்குச் சொல்லும்.

வெளியிலிருந்து உள்ளே அமுக்குவது வேறு.
அது சொல்லிக்கொள்ளாது.
வட்டம் வட்டமாக இருக்கும்வரை பொறுத்திருக்கும்.
ஓரிடத்தில் மூன்று மில்லிமீற்றர் சப்பையா,
அந்த மூன்றின் வழியாகக் குளம் முழுதும் வந்துவிடும்.

இதை எண்ணாகச் சொன்னவள் யோகராணி, என் கொழுந்தியாள்.
பகலில் ஹட்டன் வங்கியில் பிறர் காசை எண்ணுவாள்,
இரவில் நான் அறுத்து ஒட்டிய எண்ணெய்த் தாங்கியை எண்ணினாள்:
தகட்டின் தடிப்பு,
வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவே எத்தனை விரல்,
கண்ணாடிச் சன்னலைச் சுற்றி எத்தனை போல்ட்.
"அறுபது மீற்றரில் நசுங்கும்"
கடனுக்கு வட்டி சொல்லும் அதே குரல்.
"இருபதுக்குக் கீழே ஆளோடு போகக் கூடாது."

மிச்சம் நாற்பதும் எதற்கு?

"உங்கள் வெல்டிங்குக்கு."

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.
மூன்றாம் நாள் கிரைண்டரை எடுத்து
அடிப்பக்கத்து ஒட்டு இரண்டைப் பிரித்து
மறுபடி ஒட்டினேன்.

லயத்துக்குப் பின்னால் மண்மேடு நிற்கிறது.
மேட்டுக்கும் சுவருக்கும் இடையே ஒரு முழம்.
அதற்கு யாரும் கணக்குப் பார்க்கவில்லை.
மாதச் சாமானும் இருபத்துமூன்றாம் தேதியோடு சரி.
மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடாதே என்று
எங்களிடம் யாரோ சொன்னது
இதுதான் முதல் தடவை.

ஆடி மழையில் காசல்ரீ நிரம்பி வழிந்தது.
நடுக்குளத்தில் கயிறு விட்டோம், இருபத்தேழு.
அவள் உட்காரும் இடத்தில்
நாற்பத்தெட்டுக் கிலோ மணலை உட்கார வைத்து
சங்கிலிக் கப்பியில் இறக்கினோம்.
ஒரு மணித்தியாலம்.
கப்பியைப் பிடித்திருந்த கிருபைராஜின் தலையிலிருந்து
நீர் ஒழுகியபடி இருந்தது.
தூக்கித் திறந்தால்
மூடியோரம் ஒரு கோப்பைத் தண்ணீர்.
மணல் காய்ந்தே இருந்தது.
றப்பர் வளையத்தை மாற்றினோம்.

மழைக்குச் சோதி, வெயிலுக்கு இறங்கு.
பங்குனியில் அதே இடம் பத்தொன்பதுதான்.
பிடி நழுவி விழுந்தாலும்
சேறு ஏந்திக்கொள்ளும், அறுபதுக்குப் போக வழியில்லை.
குளத்தின் தரையைவிட நல்ல பிரேக்
எந்தக் கடையிலும் விற்பதில்லை.

திருகோணமலைச் சுழியோடியிடம் வாங்கிய ஆழமானி
நோர்வூட் வந்ததும் பூச்சியத்துக்குக் கீழே படுத்தது.
தட்டினேன், குலுக்கினேன், அவனைத் திட்டினேன்.
"அது கடற்கரையில் பிறந்தது,
மலைக்காற்று மெலிசு" என்றாள்.
ஒன்றேகால் மீற்றர் குறைத்துச் சொல்லுமாம்.
பொய்க்கும் அளவு தெரிந்தால்
கூட வைத்துக்கொள்ளலாம் போல.

பதினெட்டில் அவள் சிவப்புக் கோடு போட்டாள்.
அவள் போனபிறகு
நான் அதைத் துடைத்துப் பதினைந்தில் போட்டேன்.
என் தோள் அந்த மூடிக்குள் நுழையாது,
இறங்கப் போவது அவள்.

அன்று காலை பார்த்தால் கோடு பன்னிரண்டில்.
பயந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.
கேட்கவில்லை.
மூடியை இறுக்கினேன்.

கயிறு என் கையில்.
தகட்டைச் சுத்தியலால் ஒரு தட்டு என்றால் சரி,
இரண்டு என்றால் இழு.
ஐந்தில் ஒன்று.
எட்டில் ஒன்று.
பதினொன்றில் நெடுநேரம் ஒன்றுமில்லை.
என் கை தானாகவே இழுக்கத் தொடங்கியபோது
ஒன்று.

மேலே வந்து மூடியைத் திறந்ததும்
"என்ன தெரிந்தது?"
"தேத்தண்ணி. பால் விடாத தேத்தண்ணிக்குள்
உட்கார்ந்திருந்த மாதிரி."
பிறகு என்னை முறைத்தாள்:
"கோட்டை ஏன் பன்னிரண்டுக்கு ஏற்றினீர்கள்?"

நானா?

கிருபைராஜ் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.
நிமிரவேயில்லை.
"அண்ணன் ஒட்டினதையும் பார்த்தேன்,
அக்கா கணக்குப் போட்டதையும் பார்த்தேன்" என்றான்.