நாற்பத்தேழாம் வரி

பாகாவுக்கு வெளியே, செம்பனை ஆலையின் எடைமேடை அறை.
இரவு வேலைக்கு நானும் ஒரு ஏர்கோனும்.
அது ஒழுகும். கீழே மைலோ டின்.
லோரி வராத நேரத்தில் மடிக்கணினியைத் திறந்தால்
சிவப்பு எழுத்தில் அதே புகார்:
நல் பாயிண்டர், நாற்பத்தேழாம் வரி.

அந்த வரியில் குற்றமே இல்லை.
'லோரியை இங்கே வரை' என்கிறது, அவ்வளவுதான்.
ஜாவா தூரிகையோடு போய் நிற்கிறது.
எதை வரைய என்று திரும்பினால்
எதுவுமில்லை.

இல்லை என்பது பூஜ்யம் இல்லை.
பூஜ்யம் ஓர் எடை. மேடை காலியானால்
எண்பலகையில் அது எரிகிறது, நான் நம்புகிறேன்.
இது வண்டியே வராமல் கிழித்த சீட்டு.

விளையாட்டு பெரிதில்லை:
குலை ஏற்றிய லோரி, செம்மண் பாதை, குழிகள்,
குறுக்கே ஓர் உடும்பு. மோதினால் முடிந்தது.
படமெல்லாம் யோகமலர் வரைந்தது,
டயருக்கு மட்டும் பதினாறு கறுப்பு.
எப்போ ஓடும் என்று வாட்சப்பில் கேட்பாள்.
நாளைக்கு என்பேன். மூன்று வாரமாக நாளைக்கு.

கோப்பின் பெயரைச் சந்தேகப்பட்டேன் முதலில்.
எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். சரி.
படம் ஏறியதும் அதன் அகலத்தைக் கேட்டேன்.
அறுபத்து நான்கு என்றது, பதறாமல்.
ஏறிய படம்
வரைவதற்குள் எங்கே இறங்கிப் போகிறது?

செவ்வாய்க்கிழமை ஒரு திருட்டு வேலை செய்தேன்:
'லோரி இருந்தால் மட்டும் வரை.'
சிவப்பு அடங்கிவிட்டது.
பாதை ஓடியது, குழி வந்தது, உடும்பு நிதானமாய்க் கடந்தது,
புள்ளிகள் ஏறிக்கொண்டே போயின.
வண்டி இல்லாத சாலையில் விபத்து ஏது.
ஐந்து நிமிடம் பார்த்தேன், வெட்கமாகிவிட்டது.
அந்த 'இருந்தால்' முழுவதையும் அழித்தேன்.
கத்தட்டும்.
கத்துகிற பிழை எங்கே வலிக்கிறது என்றாவது சொல்கிறது.

நேற்று இரண்டு மணிக்குக் குணாளன் கண்ணாடியைத் தட்டினான்.
திங்கட்கிழமை அடித்த நாலு நடையும் கணக்கில் இல்லையாம்.
தேடினேன். நாலும் இருந்தன,
குணாளன் பேரில்தான். ஆனால் ரொம்பின் குணாளன்.
ஒரே ஒரு நாள் மாற்றாளாய் வந்து
அன்று சாயங்காலமே போய்விட்டவன்.
"பேரு என் பேரு. நட நான் அடிச்ச நட.
காசு மட்டும் எவன் கணக்குலயோ போய் உக்காந்திருக்கு.
என்னாங்க இது?"
திருத்தினேன். கையெழுத்துப் போட்டான்.
படி இறங்கும் அவன் சிலிப்பர் சத்தத்தில்
எனக்கு உறைத்தது.

லோரி என்று நான் இரண்டு வைத்திருந்தேன்.
வகுப்பின் உச்சியில் ஒன்று, வெறுங்கையோடு.
கீழே, படம் ஏற்றும் வரியில்,
பெயருக்கு முன்னால் மறுபடியும் 'இமேஜ்' என்று எழுதியிருக்கிறேன்.
அங்கே அதே பெயரில் வேறொன்று பிறந்து,
அறுபத்து நான்கு அகலத்தையும் வாங்கிக்கொண்டு,
அடைப்புக்குறி மூடியதும் போய்விட்டது.
நாற்பத்தேழாம் வரி கேட்டதெல்லாம் மேலே இருந்ததை,
நொடிக்கு அறுபது தடவை.

எதையும் சேர்க்கவில்லை.
ஒரு சொல்லை எடுத்தேன்.

லோரி வந்தது!
இடது மூலையில், தலைப்புப் பட்டைக்குள் பாதி புதைந்து,
பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்ற இடத்தில்.
படம்பிடித்து அனுப்பினேன். மூன்றேகாலுக்கு முழித்திருக்கிறாள்:
"ஏன் வானத்துல நிக்குது?"

தரைக்கு இறக்கினேன். ஓட்டினேன்.
முதல் உடும்பிலேயே மோதினேன், ஆசையாக.
மறுபடி சிவப்பு. நூற்றுப்பன்னிரண்டாம் வரி.
மோதலுக்கென்று அவள் வரைந்த புகைப்படலம்
இத்தனை நாள் யாருக்கும் தேவைப்படவே இல்லை;
அதையும் நான் ஏற்றவே இல்லை.

வெளியே ஹாரன்.
மேடை அதிர, பலகையில் எண்கள் ஏறின.
சன்னலைத் தள்ளினேன்.
பேரைச் சொன்னான்.
வண்டி நம்பரைக் கேட்டேன்.